முந்தறதுக்குத் தடமில்லீங் மாப்ளெ

ஏனுங் மாப்ளெ, கோல்ட்வின்ஸ்ல ஏறி உப்பிலிபாளையத்துல எறங்கப் பத்தே நிமிசம்னு ஊரெல்லாம் பழமை பேசிட்டுத் திரியறீங்களாமா? ரொம்பச் சந்தோசமுங்க. நம்ம கோயமுத்தூர் அவிநாசி ரோட்டுல 2025 அக்டோபர் 9-ஆம் தேதி தெறந்த பாலம், 10.1 கிலோமீட்டர், 1,791 கோடி ரூவா. ஜி.டி.நாயுடு பேரு வெச்சிருக்காங்க. 1920-லயே பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் உட்ட மனுசன், பேரு பொருத்தமாத்தான் இருக்குது. பாலத்தைக் கட்டினது கவருமெண்ட்டு, காரு வாங்கிக் குடுத்தது உங்க மாமனாரு, ஆக்சிலேட்டரை மிதிச்சது மட்டும் நீங்க. பெருமை பூராவும் உங்களுக்கு. இருக்கட்டும். பாலத்து மேல ஆன பத்து நிமிசத்தைச் சொல்றீங்களே, எறங்கின பொறகு சிக்னல்ல நின்னீங்க பாருங்க, அந்த நேரத்தை ஏனுங் சொல்ல மாட்டேங்கறீங்க? அது யாரு கணக்குல சேரும்?

கோவிச்சுக்காதீங்க. பாலம் வேண்டாம்னு சொல்ற ஆளில்லை நான். லட்சுமி மில்ஸ், நவ இந்தியா, பீளமேடு, ஹோப் காலேஜ்னு எடத்துக்கு எடம் நின்னு கும்புட்டுட்டு வந்தது போயிருச்சு, அது நெசந்தான். நான் சொல்றது வேற. ஒரு தடத்துல மணிக்கு எத்தனை வண்டி போகுங்கறதை அந்தத் தடத்தோட அகலமான எடம் முடிவு பண்றதில்லை. எங்கெ இடுக்கா இருக்குதோ அதுதான் முடிவு பண்ணுது. இதைச் சொன்னா, “மாமா, உங்களுக்கு இஞ்சினீரிங் தெரியாது”ன்னு சிரிக்கறீங்க. சிரிங்க, சிரிங்க. இந்த ஒரு நாயத்துக்காக வெளிநாட்டுல பெரிய பெரிய கணக்கு வாத்தியாருங்க இருவத்திரெண்டு வருசம் மல்லுக்கட்டினாங்க. அதையும் சொல்றேன், சித்தெ உக்காருங்க.

நீங்க இட்டேறி பார்த்திருக்க மாட்டீங்க. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவால ஒத்தை வண்டி போற தடம். புளியம்பட்டிச் சந்தைக்கு வெடியக்காலம் வண்டி கட்டினா, முன்னால போறவன் காளை எந்த நடையோ அதுதான் நம்ம நடையும். நம்ம வண்டியில காங்கேயம் காளை பூட்டியிருந்தாலும், முன்னால போறவன் கெழட்டு எருதைக் கட்டியிருந்தான்னா அதுக்குப் பின்னாலதான் மூச்சு வாங்கிட்டுப் போகோணும். முந்த முடியாது. வேலி உடாது.

நம்ம அம்மிணி, என்ற பேத்தி, பிசிக்ஸ்ல எம்.எஸ்சி. படிக்கறா. ஒரு நாளு நோட்டுல வரிசையாக் கட்டம் போட்டுட்டு இருந்தா. என்னம்மிணி, தாயம் ஆடறியான்னு கேட்டேன். இல்லீங் அப்பாரு, இது ஒத்தையடித் தடம்னா. ஒரு கட்டத்துல ஒரு புள்ளிதான் இருக்கலாம். முன்கட்டம் காலியா இருந்தா ஒரு எட்டுத் தாவும், ஆளிருந்தா நிக்கும். பின்னால போகாது, ஒண்ணை ஒண்ணு தாண்டாது. அவ்வளவுதான் சட்டம். அட இது நம்ம இட்டேறியாச்சேன்னேன். இதுக்கு டாசெப்புன்னு பேராமா. 1968-ல மெக்டொனால்ட், கிப்ஸ், பிப்கின்னு மூணு பேரு இதை மொதமொதல்ல எழுதினது வண்டிக்காக இல்லீங்க. நம்ம ஒடம்புக்குள்ள ஆர்.என்.ஏ.ன்னு ஒரு நூலு, அது மேல ரைபோசோமுன்னு ஒண்ணு ஊர்ந்து போய்ப் புரதம் நூக்குதாமா. நூலு ஒண்ணு, ஊர்றது பல. முந்த முடியாது. ரெண்டு வருசம் கழிச்சு ஃபிராங்க் ஸ்பிட்சர்ங்கறவரு இதே சட்டத்தைக் கணக்குப் பக்கம் கொண்டு வந்தாரு. அங்கெ புடிச்சது, இன்னும் உடலை.

சரி, அந்தத் தடத்துல எத்தனை வண்டி இருந்தா போக்குவரத்து எச்சா இருக்கும்? சொல்லுங்க பார்க்கலாம். எல்லாக் கட்டத்துலயும் வண்டி இருந்தா ஒண்ணும் அசையாது. ஒரே ஒரு வண்டி இருந்தா பறக்கும், ஆனா போனது ஒண்ணுதான். பாதிக் கட்டத்துல வண்டி, பாதிக் கட்டம் சும்மா, அப்பத்தான் உச்சமாமா. ஒரு வண்டி நகரோணும்னா இங்கெ வண்டி இருக்கோணும், முன்னால சந்து இருக்கோணும். பாதிக்குப் பாதி, கால். அந்தக் கால்தான் அந்தத் தடத்தோட அதிகபட்சம், அதுக்கு மேல கடவுளே வந்தாலும் தாட்ட முடியாது. இதுல எனக்குப் புடிச்சது என்னன்னா, வண்டி எவ்வளவு முக்கியமோ சந்தும் அவ்வளவு முக்கியம். வண்டி முன்னால போகப் போக சந்து பின்னால போகுது. நீங்க என்ன பண்றீங்க? முன்னால ரெண்டடி சந்து தெரிஞ்சா அது ஏதோ பாகம் பிரிக்காம உட்ட பூமியாட்ட மூக்கை நொழைச்சுப் போடறீங்க. அந்தச் சந்து உங்க சொத்தில்லீங் மாப்ளெ. பின்னால நிக்கறவனுக்குப் போய்ச் சேர வேண்டியது.

இனி நடுவால ஒரு இடுக்கு வைங்க. ஒரே ஒரு கட்டம். அதைத் தாண்ட மட்டும் மூணு மடங்கு நேரமாகுதுன்னு வெச்சுக்கங்க. அம்மிணி தோராயமாத்தான் போட்டுக் காட்டினா, ஆனா நெலவரம் புரிஞ்சுது. இடுக்குக்கு இந்தப் பக்கம் நாலு கட்டத்துக்கு மூணு வண்டி, முக்கால் பங்கு. அந்தப் பக்கம் நாலுக்கு ஒண்ணு. நாலு வண்டி போற எடத்துல இப்ப மூணு போகும். அட, மூணு மடங்கு இடுக்குக்குக் கால் பங்குதான் நட்டமான்னு கேக்கறீங்க. நட்டம் கம்மிதானுங்க, நோவுதான் எச்சு. இந்தப் பக்கம் ஊர்ந்துட்டு இருக்கறவனோட நடையும், அந்தப் பக்கம் தாண்டினவனோட நடையும் ஒண்ணுக்கு மூணு. தாண்டினவன் என்ன பண்றான்? கண்ணாடியை எறக்கிக் காத்து வாங்கிட்டே, பார்த்தியா நம்ம ஓட்டற லச்சணத்தைன்னு பக்கத்துல இருக்கற பொண்டாட்டிகிட்ட சொல்றான். அவன் கெட்டிக்காரத்தனம் ஒண்ணுமில்லை. பின்னால ஆயிரம் பேரு மாட்டிட்டு இருக்கறதாலதான் அவனுக்குத் தடம் காலியா இருக்குது.

இன்னொரு வேடிக்கை கேளுங்க. அதே கணக்குல, தடம் கால் பங்கு நெறஞ்சதுல இருந்து முக்கால் பங்கு நெறையற வரைக்கும், எத்தனை வண்டி சேர்த்தாலும் மணிக்குப் போறது ஒரே அளவுதான். ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது. அப்பச் சேர்ற வண்டியெல்லாம் எங்கெ போகுது? வரிசையோட வாலுல போய் ஒட்டிக்குது. வாலு நீளும், வாய் அதே வாய்தான். உப்பிலிபாளையம் மணிக்கு இத்தனைதான் முழுங்கும்னு இருந்தா, அதுக்கு மேல கோல்ட்வின்ஸ்ல எத்தனை ஏத்தினாலும், பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஒசரத்துல நின்னு ஊரைப் பார்க்கலாம். காத்து நல்லா வரும்.

பாலத்தை உடுங்க. கதையெல்லாம் திம்பத்துலதான். சத்தியமங்கலத்துல இருந்து பண்ணாரி, பண்ணாரியில இருந்து திம்பம், அக்கட்டால ஆசனூர், சாம்ராஜ்நகர், அப்படியே பெங்களூர். தேசிய நெடுஞ்சாலை 948. அதுல மலையேறறப்ப 27 கொண்டை ஊசி. பேருக்குத்தான் ரெண்டு பக்கம் போற ரோடு, வளைவுல வந்தா அது இட்டேறிதான். நான் கரும்பு லாரி ஓட்டின காலத்துல, தாளவாடிப் பக்கத்துல இருந்து சத்தி ஆலைக்குக் கரும்பேத்திட்டு எறங்குவேன், காலி லாரியோட ஏறுவேன். எறங்கறதைவிட, பாரத்தோட ஏறி வர்றவனைப் பார்த்தாத்தான் பாவமா இருக்கும்.

வளைவு வந்தா லாரி மொதல்ல வெளிப்பக்கம் ஒதுங்கும், முழு ரோட்டையும் எடுத்துக்கும். மொத கியரு. கிளீனர் பையன் கையில மரக்கட்டையோட குதிச்சுப் பின்சக்கரத்துகிட்டயே ஓடியாருவான். வண்டி ஒரு மூச்சு வாங்கி நின்னா, “போடுறா கட்டை”ன்னு சத்தம் குடுக்கோணும், அவன் டக்குனு சக்கரத்துக்குப் பின்னால சொருகோணும். கிளட்ச் தீயற வாசம் மூக்குல ஏறும். ஸ்டீரிங்கை முழுசா ஒடிச்சும் பத்தலைன்னா ஒருக்கா ரிவர்ஸ் எடுத்து மறுபடி ஒடிக்கோணும். இத்தனையும் முடியறதுக்குள்ள கீழெ அஞ்சாறு வண்டி சேர்ந்திரும், மேலெ எறங்கறதுக்கு அஞ்சாறு நிக்கும். எல்லாம் பொறுமையா நின்னா சித்த நேரத்துல தானாக் கலைஞ்சிரும். அப்பத்தான் ஒரு மகராசன் வருவான். வெள்ளைக் காரு, உங்களதாட்டவே. வரிசையில நிக்கறவனெல்லாம் கேனையன்னு நெனைச்சுட்டு, எதிர்த் தடத்துல ஏறி முன்னால வந்து லாரிக்குப் பக்கத்துல நின்னுக்குவான். மேலெருந்து எறங்கற வண்டிக்கு எடம் போச்சு. அது எறங்கினாத்தான் லாரிக்கு எடம். லாரி ஏறினாத்தான் இவனுக்கு எடம். இவன் பின்னால போனாத்தான் எல்லாத்துக்கும் எடம், ஆனா இவன் பின்னால அதுக்குள்ள இன்னும் நாலு மகராசனுக வந்து நின்னிருப்பாங்க. அப்பறம் பொழுதோட வரைக்கும் அங்கெயேதான். ஹாரன் மட்டும் நிக்காது. அம்மிணியோட கணக்குல இந்த மகராசனுக்கு எடமே இல்லீங்க, ஏன்னா அதுல முந்தறது கெடையாது. ஹாரனும் கெடையாது. அந்த வகையில அது நம்ம ஊரைவிட நாகரீகமான தடம்.

இப்ப அந்த வாத்தியாருங்க சண்டைக்கு வர்றேன். இடுக்கு பெருசா இருந்தா நெரிசல் வரும், அது எருமைக்கும் தெரியும். ரொம்பச் சின்னதா இருந்தா? நூத்துல ஒரு பங்கு மட்டும் மெதுவுன்னா? வெறுமனே அந்த எடத்துல ஒரு சின்னச் சுணக்கத்தோட போயிருமா, இல்லை மொத்தத் தடத்தோட அதிகபட்சமே குறையுமா? 1992-ல ஜனோவ்ஸ்கி, லெபோவிட்ஸ்னு ரெண்டு பேரு இந்தக் கேள்வியைக் கெளப்பி உட்டாங்க. எவ்வளவு சின்ன இடுக்கும் மொத்தத்தையும் இழுத்துப் போடும்னு ஒரு கட்சி. இல்லை, ஒரு அளவு வரைக்கும் தாங்கும்னு இன்னொரு கட்சி. 2003-ல கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்த சில பேரு, அஞ்சுல ஒரு பங்கு வரைக்கும் மெதுவானாலும் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாங்க. ஏன் இப்படி ரெண்டு கட்சின்னா, இடுக்கு சின்னதாக ஆக அது பண்ற நட்டம் ஊசிமுனையைவிடச் சின்னதாப் போகுது, கம்ப்யூட்டர்ல கூடத் தட்டுப்படலை. கடைசியா 2014-ல ரித்திப்ரதிம் பாசு, விளாதாஸ் சிடோராவிசியஸ், ஆலன் ஸ்லைன்னு மூணு பேரு சந்தேகத்துக்கு எடமில்லாம நிரூபிச்சுட்டாங்க. எவ்வளவு சின்ன இடுக்கா இருந்தாலும் மொத்தத் தடத்தோட அதிகபட்சம் குறைஞ்சே தீரும். தாங்கற அளவுன்னு ஒண்ணு கெடையவே கெடையாது.

அந்தப் பாசு இப்ப எங்கெ இருக்காரு தெரியுங்களா? பெங்களூர்ல, ஐ.சி.டி.எஸ். ஆராய்ச்சி நிலையத்துல. அதாவது நம்ம திம்பம் ரோடு போய் முடியற ஊருல. இடுக்கைப் பத்தின கணக்கைத் தீர்த்தவரு அந்தக் கோடியில, இடுக்குல நிக்கறவங்க இந்தக் கோடியில. நாட்டுல எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு இருக்கத்தான் செய்யுது.

27 வளைவுன்னா 27 மடங்கு நட்டமான்னு நீங்க கேட்டீங்கன்னா, அதுவும் இல்லீங்க. மும்பையில டாட்டா ஆராய்ச்சி நிலையத்துல முஸ்தன்சிர் பர்மாவும் கௌதம் திரிபாதியும் 1997-ல இதைப் பார்த்திருக்காங்க. தடம் நெடுக அங்கங்கெ இடுக்கு சிதறிக் கெடந்தா என்ன ஆகும்னு. தள்ளித் தள்ளி இருக்கற இடுக்கெல்லாம் பெருசா ஒண்ணும் கூட்டிக்கறதில்லை. எங்கெ இடுக்குக தொடர்ச்சியா ஒட்டிக் கெடக்குதோ, அதுல எது ரொம்ப நீளமோ, அந்த ஒண்ணு மொத்தத் தடத்துக்கும் நாட்டாமை. முன்ன சொன்ன மூணு மடங்கு மெதுவு ஒரே கட்டத்துல இருந்தா நாலுக்கு மூணு போகும்னேனா? அதே மெதுவு நீளமான ஒரு பாகம் முழுக்க இருந்தா, மூணுல ஒரு பங்குதான் போகும். கட்டம் ஒண்ணுன்னா கால் பங்கு நட்டம், பாகம் நீண்டா மூணுல ரெண்டு பங்கு நட்டம். அதனால திம்பத்துல தனியா ஒரு வளைவு பெருசில்லை. ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்தது வர்ற எடந்தான் ஆளைக் கொல்லும். அடிக்கடி போற டிரைவர் எவனைக் கேட்டாலும் எந்த வளைவுகன்னு சொல்லுவான். பர்மா அளவுக்கு அவனுக்கும் தெரியும், பேப்பர் எழுதலை, அவ்வளவுதான்.

இதுல நம்ம ஊரு வேகத்தடையையும் சேர்த்துக்கங்க. தலைவரு ஊட்டுக்கு முன்னால ஒண்ணு, அவருக்குப் போட்டியா நின்னு தோத்தவரு ஊட்டுக்கு முன்னால ஒண்ணு, கோயலுக்கு முன்னால ஒண்ணு, டாஸ்மாக்குக்கு முன்னால பாவம் பார்த்து ரெண்டு. அம்பதடிக்குள்ள அத்தனையும். அள்ளித் தெளிச்சாப்பல தூரத்துக்கு ஒண்ணாப் போட்டிருந்தா இவ்வளவு நட்டமில்லை. ஆனா மருவாதின்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா, அது கணக்குக்குள்ள வராது.

அப்ப இடுக்கை என்னதான் பண்றது? எல்லாரும் அகலப்படுத்தோணும்னுதான் சொல்லுவாங்க. மலையை எங்கெ போய் அகலப்படுத்தறது? அதுவும் புலிகள் காப்பகம். அதுக்கு அம்மிணி சொன்னது எனக்குப் பாங்காப் பட்டுது. தடத்துக்கு ரெண்டு வாசல். உள்ள நொழையறது ஒண்ணு, வெளிய போறது ஒண்ணு. உள்ள உடறது மெதுவா இருந்தா, தடம் நெடுக வண்டி கம்மியா, ஜோராப் போகும். வெளிய போறது மெதுவா இருந்தா, தடம் முழுக்க அடைச்சுக்கும். ரெண்டும் தாராளமா இருந்தா அந்தக் கால் பங்கு உச்சம். 1993-ல டெரிடாங்கறவரும் அவரு கூட்டத்தாரும் இதைத் துல்லியமாவே தீர்த்துட்டாங்க. ரெண்டு வாசலும் ஒரே அளவு மெதுவா இருந்தா மட்டும் ஒரு கூத்து. நெரிசலோட வாலு இன்ன எடத்துல இருக்கும்னு சொல்லவே முடியாது, தடத்துல மேலெயும் கீழெயும் அலைஞ்சுட்டுத் திரியும். காலையில ஒரு எடம், மத்தியானம் ஒரு எடம்னு அவிநாசி ரோட்டுல நீங்க சலிச்சுக்கறீங்களே, அந்தச் சலிப்பு ரொம்பப் பழசு.

ஆக, இடுக்கு தாங்கற அளவுக்கு ஒரு படி கம்மியா உள்ள உட்டா, இடுக்கு இருக்கறதே தெரியாது. அந்த எடத்துல மட்டும் சித்தெ கூட்டம், தாண்டினா சரியாப் போகும். ஒரு படி கூட உட்டீங்கன்னா வாலு நீள ஆரம்பிக்கும், நீண்டுட்டே போகும், நிக்காது. ரெண்டுக்கும் நடுவால ஒரு படிதான் வித்தியாசம். இதை நம்ம ஒடம்பே கண்டுபுடிச்சு வெச்சிருக்குதுன்னு 2010-ல ஒரு கூட்டம் ஆராய்ச்சிக்காரங்க எழுதினாங்க. நிறைய ஜீன்ல மெதுவா நகர வேண்டிய எடத்தை மொதல்லயே, வாசல்லயே வெச்சிருக்குதாமா. உள்ள நொழையறப்பவே ரைபோசோமுகளை எடைவெளி உட்டு அனுப்பினா, அப்பறம் வழியில முட்டிக்காதுன்னு. ஆமா, இல்லைன்னு அதுல இன்னும் பேச்சு இருக்குது. ஆனா ரோசனை நல்ல ரோசனைதானுங்களே.

திம்பத்துல 2022 பிப்ரவரியில ஐகோர்ட்டு ராத்திரித் தடை போட்டுது. காட்டு சீவனுக அடிபட்டுச் சாகறதைத் தடுக்கப் போட்டது, அது நியாயம். சாயந்திரம் ஆறுல இருந்து காலையில ஆறு வரைக்கும் சரக்கு லாரி போகக்கூடாது, ராத்திரி ஒம்பதுல இருந்து காரும் போகக்கூடாது. பொறகு 16.2 டன்னுக்கு மேல போற பெரிய வண்டிக்கு எப்பவுமே கெடையாதுன்னுட்டாங்க. இந்தக் கடைசிச் சட்டந்தான் என்னைக் கேட்டா பெரிய மருந்து. வளைவுல மாட்டறதே அந்த நீளமான வண்டிகதான், அதைத் தடுத்தா இடுக்கே அகலமான மாதிரி. ஆனா ஆறு மணிக் கேட்டு இருக்குது பாருங்க, அதுல ஒரு கோளாறு. ராத்திரி பூராப் பண்ணாரியில சேர்ந்த லாரியெல்லாம் ஆறு அடிச்சதும் ஒண்ணாக் கெளம்புது. பன்னெண்டு மணி நேரத்துக் கூட்டம் ஒரே மூச்சுல தடத்துக்குள்ள. மொதல்ல போற நாலு வண்டிக்கு ராஜபாட்டை, பின்னால வர்றதுக்குப் பாடை. பத்துப் பத்தா, எடைவெளி உட்டு அனுப்பினாக் கடைசி லாரியும் அதே நேரத்துக்குத்தான் மேலெ போய்ச் சேரும், நடுவழியில கட்டை போட்டுட்டு நிக்க வேண்டியதில்லை. சேரப்போறது ஒரே நேரந்தான்னாலும், நம்மாளுக்குக் கீழெ டீக்கடையில நிக்கறது தோல்வி, மேலெ வளைவுல நிக்கறது வெற்றி.

இந்தக் கணக்கு முழுசும் புரிஞ்ச ஒரு சீவன் அந்தத் தடத்துல இருக்குதுங்க. காரப்பள்ளம் சோதனைச்சாவடிப் பக்கம் நிக்கற ஆனை. கரும்பு லாரி எங்கெ கட்டாயம் மெதுவாகும், எங்கெ நிக்கும்னு அதுக்கு மனப்பாடம். வேகமாப் போற நேர் ரோட்டுல அது நின்னு பார்த்ததே இல்லை. குட்டியையும் கூட்டிட்டு வந்து, இடுக்குல வந்து நின்னுக்கும். லாரிக்காரன் ரெண்டு கட்டுக் கரும்பை வீசினாத்தான் தடம். ரசீதெல்லாம் குடுக்காது. வரிசையில எவ்வளவு வண்டி நின்னாலும் அதுக்கு நட்டமில்லை, லாபந்தான். இடுக்குல குந்திட்டுச் சம்பாதிக்கற சீவன் அது ஒண்ணுதானான்னு கேக்காதீங்க, நான் பதில் சொல்லப் போறதில்லை.

எறும்பு இதுக்கு நேர் எதிர். கான்பூர் ஐ.ஐ.டி. தேபாசிஷ் சௌத்ரி, ஜப்பான்காரரு ஒருத்தரு, ஜெர்மனிக்காரங்க ரெண்டு பேரு சேர்ந்து, எறும்பு போற தடத்தை உக்காந்து பார்த்து 2009-ல எழுதினாங்க. எவ்வளவு கூட்டம் ஆனாலும் எறும்போட நடை குறையலையாமா, நெரிசலே கெடையாதாமா. ஒண்ணை ஒண்ணு முந்தறதில்லை, கூட்டமாவே ஒரே நடையில போகுதுக. அதே வருசம் இன்னொரு ஆராய்ச்சி, மனுசனை ஒத்தை வரிசையில நடக்க உட்டு, நம்ம நாட்டு ஆளையும் ஜெர்மனிக்காரனையும் ஒப்பிட்டது. கூட்டம் நெருக்க நெருக்க ஜெர்மனிக்காரன் நடை சுருங்குது, நம்மாளு நடை அவ்வளவாச் சுருங்கலை. முன்னால போறவன் முதுகை ஒரசிட்டு நடக்க நமக்குக் கூச்சமில்லை. பழனி படியில ஏறிப் பழகின காலு. இதைக் கேட்டதும் நீங்க நெஞ்சை நிமுத்தறீங்க பாருங்க. அது நடக்கறதுக்குங்க மாப்ளெ. ஒண்ணரை டன்னு இரும்புக்குள்ள உக்காந்துட்டு ஒரசினா அது வேற.

ஜப்பான்ல இன்னொண்ணும் பண்ணிப் பார்த்தாங்க, 2008-ல வெளிவந்துது. 230 மீட்டர் சுத்தளவுக்கு ஒரு வட்டம், 22 காரு. இடுக்கே இல்லை, சிக்னல் இல்லை, ஆனை இல்லை. எல்லாரும் ஒரே வேகத்துல போங்கன்னு சொன்னாங்க. சித்த நேரத்துல யாரோ ஒருத்தன் லேசா பிரேக்கைத் தொட, பின்னால இருந்தவன் இன்னும் கொஞ்சம் அமுக்க, அது அலையாப் பின்னாலயே போய் நெரிசலாயிருச்சு. இடுக்கு ரோட்டுல மட்டும் இல்லீங்க, காலுக்கடியில பெடல்லயும் இருக்குது.

அம்மிணி கணக்குல எதிர்ல வர்ற வண்டி கெடையாது, லாரிக்கும் காருக்கும் நீளத்துல வித்தியாசம் கெடையாது, டிரைவருக்குத் தூக்கம் வராது. அதனால மணிக்கு இத்தனை வண்டின்னு திம்பத்துக்கு அதை வெச்சுச் சொல்லிர முடியாது. ஆனா நெரிசல் எந்தப் பக்கம் சேரும், எப்ப வாலு நீளும், எதைப் பண்ணினாப் பிரயோசனம், எதைப் பண்ணினாக் காசுக்குக் கேடு, இது அத்தனையும் அதுல இருக்குது. லங்கா கார்னர்ல மழைத் தண்ணி நிக்கறப்ப அவிநாசி ரோட்டுப் பாலத்துப் பக்கம் ஏன் நகர மாட்டேங்குதுன்னு கேக்கறதுக்கு முன்னால, அந்தக் கணக்கை ஒருக்காப் பார்த்துக்கங்க. ரோட்டுக்கு டெண்டர் உடறவங்களும் பார்த்தாத் தேவலை. அகலப்படுத்தறதுக்கு முன்னால இடுக்கு எங்கெ இருக்குதுன்னு அளந்தாங்களான்னு ஒரு கேள்வி. அதைக் கேட்டா என்னைக் கெழட்டுப் பழமைன்னு சொல்லுவாங்க, நீங்க கேட்டா இஞ்சினீருன்னு சொல்லுவாங்க. அதனால நீங்க கேளுங்க.

அடுத்த லீவுக்குக் குடும்பத்தோட மைசூர் போறீங்களாமா. நல்லபடியாப் போயிட்டு வாங்க. காலையில ஆறு மணிக்கே பண்ணாரிக் கேட்டுல போய் நிக்காதீங்க, லாரிக் கூட்டத்துக்கு நடுவால மாட்டிக்குவீங்க. அம்மனைக் கும்புட்டுட்டு, சாப்புட்டுட்டு, ஒம்பது மணிக்கு மேல ஏறுங்க. வளைவுல ஏறி வர்ற லாரியைக் கண்டா நாலு காரு நீளம் தள்ளி நின்னு அது திரும்ப உடுங்க. முன்னால வரிசை நின்னா நீங்களும் அதுலயே நில்லுங்க, எதிர்த் தடத்துல மூக்கை நீட்டாதீங்க. திரும்பி வர்றப்ப ராத்திரி ஒம்பதுக்கு முன்னால மலையை எறங்கிருங்க. அதுக்கு மேல காரையும் உட மாட்டாங்க.